உணரி பொருத்திய பொம்மைகளும் ஆட்டிசக் கண்டறிதலும்: ஒரு வரலாறு

உணரி பொருத்திய பொம்மை என்பது, குழந்தை தன்னை எடுப்பதையும் அசைப்பதையும் உருட்டுவதையும் அழுத்துவதையும் உள்ளே வைக்கப்பட்ட சிறு மின்னணுக் கருவிகளால் அளந்து பதிவு செய்யும் விளையாட்டுப் பொருள் ஆகும். வெளித்தோற்றத்தில் அது வழக்கமான பந்து, கட்டை அல்லது கார் போலவே இருக்கும். குழந்தை ஆட்டிசம் (மதியிறுக்கம்) உடையதா என்று மதிப்பிடும் நிபுணருக்கு இத்தகைய பொம்மைகள் உதவக்கூடும் என்ற எண்ணம் 2000களில் ஆய்வுக்கூடங்களில் உருப்பெற்றது. ஆனால் விளையாட்டைப் பார்த்துக் குழந்தையை அறியும் பழக்கம் அதைவிட மிகப் பழையது. குழந்தை விளையாடுவதை யார் பார்த்தார்கள், எதைக் குறித்து வைத்தார்கள், அந்தக் குறிப்பை எப்படிப் படித்தார்கள் என்ற மூன்று கேள்விகளின் வழியே இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளலாம்.

பொம்மை அளவுகோலான காலம்

19ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த மருத்துவர் எதுவார் செகன், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பயிற்சி அளிப்பதற்காக ஒரு மரப்பலகையைப் பயன்படுத்தினார். அதில் வட்டம், சதுரம், நட்சத்திரம் போன்ற வடிவங்களில் பள்ளங்கள் இருக்கும். அவற்றுக்குப் பொருந்தும் மரத்துண்டுகளைக் குழந்தை எடுத்து வைக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர்கள் இந்தப் பலகையையே ஒரு சோதனையாக மாற்றினர். எல்லாத் துண்டுகளையும் வைத்து முடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தனர். செகன் வடிவப் பலகைச் சோதனை இந்தியாவின் உளவியல் மருத்துவ நிலையங்களில் இன்றும் பயன்படுகிறது.

யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல் இன்னொரு வழியை எடுத்தார். அரைக்கோள வடிவிலான ஒரு கூடத்துக்குள் குழந்தையை அமர்த்தி, ஓர் அங்குலச் சிவப்புக் கட்டைகள் போன்ற எளிய பொருள்களைக் கொடுத்து, அது என்ன செய்கிறது என்பதைப் படச்சுருளில் பதிந்தார். எந்த மாதத்தில் குழந்தை கட்டையைப் பிடிக்கிறது, எந்த மாதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது என்ற வளர்ச்சி அட்டவணைகள் இத்தகைய பதிவுகளிலிருந்து பிறந்தன. செகனின் பலகையில் கிடைத்தது நேரம் மட்டுமே. கெசலின் படச்சுருளில் அசைவு முழுவதும் கிடைத்தது. ஆனால் அதைப் படிக்க ஒரு மனிதர் பல மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது.

கானர் கண்ட விளையாட்டு

ஆட்டிசம் என்ற சொல்லை 1910களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர் மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறியைக் குறிக்கப் பயன்படுத்தினார். சோவியத் ஒன்றியத்தில் குருன்யா சுகரேவா 1925இல் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, இன்று ஆட்டிசம் என்று அறியப்படும் பண்புகளை மிக நெருக்கமாக விவரித்தது. எனினும் 1943இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் வெளியிட்ட கட்டுரையே பரவலாக அறியப்பட்டது. எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர் என 11 குழந்தைகளை அவர் அதில் விவரித்தார்.

அக்கட்டுரையில் விளையாட்டுப் பொருள்கள் அடிக்கடி வருகின்றன. முதலாவதாகக் குறிப்பிடப்படும் சிறுவன் கட்டைகளையும் சமையல் பாத்திரங்களையும் சுழற்றிவிட்டு மகிழ்ந்தான். மனிதர்களோடு ஒட்டாத குழந்தைகள் பொருள்களோடு நன்றாக ஒட்டுவதையும், அடுக்கிய வரிசை மாறினால் கலங்குவதையும் கானர் கவனித்தார். அச்சிறுவனின் தந்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து அனுப்பிய 33 பக்கக் குறிப்பும் கானருக்கு உதவியது. அக்காலத்தின் பதிவுக் கருவி பெற்றோரின் நினைவும் மருத்துவரின் கண்ணும்தான்.

பார்த்ததைப் படிப்பதில் நேரும் பிழைக்கும் இந்தக் காலமே சான்று. குழந்தையின் ஒதுக்கத்துக்குப் பெற்றோரின் பாசக்குறைவே காரணம் என்ற கருத்து பரவியது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதை மேலும் பரப்பியது. குளிர்பெட்டித் தாய் என்ற பழிச்சொல் பல குடும்பங்களை வாட்டியது. 1964இலேயே பெர்னார்ட் ரிம்லண்ட் இக்கருத்தை மறுத்து, ஆட்டிசத்துக்கு உயிரியல் அடிப்படை உண்டு என்று எழுதியிருந்தார். குழந்தையின் நடத்தை எல்லோர் கண்ணுக்கும் ஒன்றாகவே தெரிந்தது. அதற்குக் கொடுத்த விளக்கமே தவறாக இருந்தது. பிற்காலத்தில் அளவுகோல்களும் கருவிகளும் தேடப்பட்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

தேநீர்க் கெண்டியும் பிறந்தநாள் விழாவும்

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின் மூன்றாம் பதிப்பு ஆட்டிசத்தைத் தனி நிலையாக ஏற்றது. அதன் பின் மதிப்பீட்டு முறைகள் பெருகின.

1992இல் இங்கிலாந்தில் சைமன் பேரன்-கோகனும் அவருடைய குழுவினரும் 18 மாதக் குழந்தைகளுக்கான ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டனர். சாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அம்முறையில் ஒரு சிறு கோப்பையையும் தேநீர்க் கெண்டியையும் குழந்தையிடம் கொடுத்து, தேநீர் போட்டுத் தரும்படி கேட்பார்கள். குழந்தை ஊற்றுவதுபோல் பாவனை செய்கிறதா என்பதே கேள்வி. 16,235 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியான ஆய்வு இம்முறையின் வரம்பைக் காட்டியது. ஆட்டிசம் இல்லாத குழந்தைகளில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினரை அது சரியாக விலக்கியது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் 38 விழுக்காட்டினரையே கண்டுபிடித்தது, மற்றவர்கள் தவறிப்போயினர். 2001இல் அமெரிக்காவில் டயானா ராபின்சும் குழுவினரும் அதைத் திருத்தி, பெற்றோர் விடையளிக்கும் 23 கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற பட்டியலை உருவாக்கினர்.

நிபுணர் நேரில் மதிப்பிடும் முறைகளில் முதன்மையானது கேத்தரின் லார்டும் மைக்கேல் ரட்டரும் பிறரும் 1989இல் வெளியிட்ட ஏ.டி.ஓ.எஸ். எனப்படும் கண்டறிதல் உற்றுநோக்கல் முறை ஆகும். அது 2000இலும் 2012இலும் விரிவாக்கப்பட்டது. சோப்புக் குமிழிகள், பலூன், தொலைவிலிருந்து இயக்கும் பொம்மை, மரப்பாச்சிக்குப் பிறந்தநாள் கொண்டாடும் பாவனை ஆகியவை அதில் உண்டு. பயிற்சி பெற்றவர் ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் குழந்தையோடு இருந்து, கண்டவற்றுக்கு மதிப்பெண் இடுகிறார். பொம்மைகள் இங்கு குழந்தையைப் பேசவும் பார்க்கவும் தூண்டுகின்றன. குழந்தை அவற்றை எவ்வளவு விசையோடு பிடித்தது, எந்தக் கோணத்தில் திருப்பியது என்பன பதிவாவதில்லை.

அந்த நுண்ணிய அசைவுகளிலும் பொருள் இருக்கலாம் என்பதை நிகழ்படங்கள் காட்டின. 1994இல் ஜூலி ஆஸ்டர்லிங்கும் ஜெரால்டின் டாசனும் பிற்காலத்தில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட 11 குழந்தைகளின் முதல் பிறந்தநாள் வீட்டுப் படங்களை வேறு 11 குழந்தைகளின் படங்களோடு ஒப்பிட்டனர். முகத்தைப் பார்ப்பது, சுட்டிக்காட்டுவது, பெயர் சொன்னால் திரும்புவது ஆகியவற்றில் ஒரு வயதிலேயே வேறுபாடு தெரிந்தது. 1998இல் பிலிப் டைட்டல்பாம் குழுவினர் 17 குழந்தைகளின் படங்களில் புரள்வது, உட்காருவது, நடப்பது போன்ற அசைவுகளை ஆராய்ந்தனர். 2008இல் கலிபோர்னியாவில் சாலி ஓசனாஃப் குழுவினர் 12 மாத வயதுடைய 66 குழந்தைகள் பொருள்களைக் கையாளும் விதத்தைப் பதிவு செய்தனர். பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட ஒன்பது பேர், மற்றவர்களைவிட அதிகமாகப் பொருள்களைச் சுழற்றினர், திருப்பினர், வழக்கமற்ற கோணங்களில் உற்றுப் பார்த்தனர். 1943இல் கானர் சொற்களால் விவரித்த ஒன்று இப்போது எண்ணப்பட்டது. ஆயினும் எண்ணியவர் படத்தை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்த மனிதரே.

உணரி சிறுத்த கதை

பொம்மைக்குள் அளவுக்கருவி புகுவதற்கு முதலில் அக்கருவி சிறியதாகவும் மலிவாகவும் ஆக வேண்டியிருந்தது. ஒரு பொருளின் வேகம் எப்படி மாறுகிறது என்று அளப்பது முடுக்கமானி. 1990களில் கார்களின் காற்றுப்பைகளை மோதலின்போது விரியச் செய்வதற்காகச் சிலிக்கான் சில்லில் செதுக்கிய முடுக்கமானிகள் பெருமளவில் தயாராயின. 2006இல் வந்த நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியும் 2007இல் வந்த ஐஃபோனும் அவற்றை வீடுகளுக்குள் கொண்டுவந்தன. எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் சுழல்மானி, புவிக்காந்தத்தைக் கொண்டு திசையறியும் காந்தமானி, பிடியின் விசையை அளக்கும் அழுத்த உணரி, கம்பியில்லாமல் தரவை அனுப்பும் புளூடூத் ஆகியவையும் சேர்ந்தபோது ஒரு பந்துக்குள் ஓர் ஆய்வுக்கூடத்தை அடக்க முடிந்தது.

வேலை செய்யும் முறை எளியது. உணரி ஒவ்வொரு நொடியிலும் பல முறை அளவெடுக்கிறது. அந்த எண்களின் தொடரிலிருந்து குலுக்கியது, உருட்டியது, தட்டியது, சுழற்றியது, கீழே போட்டது என்ற செயல்களைக் கணினி பிரித்தறிகிறது. பிறகு ஒரே செயல் எத்தனை முறை திரும்ப வந்தது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குழந்தை எவ்வளவு விரைவில் மாறியது போன்ற கணக்குகள் எடுக்கப்படுகின்றன. முன்பே மதிப்பிடப்பட்ட குழந்தைகளின் தரவைக் கொண்டு கணினி பயிற்றுவிக்கப்படுகிறது.

பொம்மைக்குள் உணரி

இத்துறையின் ஒரு வேர் ரோபோ ஆய்வில் இருக்கிறது. 1998இல் இங்கிலாந்தில் கெர்ஸ்டின் டாட்டன்ஹான் ஆட்டிசக் குழந்தைகளோடு விளையாடும் ரோபோக்கள் பற்றிய அரோரா திட்டத்தைத் தொடங்கினார். கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் பிரான்சுவா மிஷோ உருவாக்கிய ரோபால் தானாக உருளும் ஒரு பந்து. 2007இல் டேமி சால்ட்டரும் மிஷோவும் பிறரும் சேர்ந்து, பந்துக்குள் இருந்த உணரிகளின் தரவைக் கொண்டே குழந்தை அதைத் தூக்குகிறதா, சுழற்றுகிறதா, சும்மா விட்டுவிட்டதா என்று பிரித்தறிய முடியும் என்று காட்டினர். யேலில் பிரையன் ஸ்கசெல்லாட்டி 2005 முதல், ரோபோக்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே தூண்டுதலைத் தந்து ஒரே விதமாக அளக்கக்கூடியவை. ஆகவே கண்டறிதலில் மனிதக் கணிப்புக்குத் துணையாகும் என்று வாதிட்டார்.

ரோமில் உள்ள கம்பஸ் பயோ-மெடிகோ பல்கலைக்கழகத்தில் பொறியாளர் டொமெனிகோ கம்போலோ, நரம்பியல் ஆய்வாளர் ஃபிளாவியோ கெல்லர் முதலியோர் உணரி பொருத்திய பந்தையும் கட்டைப் பெட்டியையும் வடிவமைத்தனர். பெட்டியின் துளைகளில் பொருந்தும் கட்டைகளைக் குழந்தை போட வேண்டும். கட்டை துளையை அடையும் முன்பே குழந்தை அதைச் சரியான கோணத்துக்குத் திருப்பிவிடுகிறதா என்பதை உள்ளிருக்கும் உணரி சொல்லும். செகனின் பலகையில் கடிகாரம் இறுதி நேரத்தை மட்டும் சொன்னது. இங்கே வழி முழுவதும் பதிவாயிற்று. ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சி வேறுபாடுகளில் அசைவைத் திட்டமிடும் ஆற்றல் மிகச் சிறு வயதிலேயே மாறுபட்டிருக்கலாம் என்பதே இவ்வாய்வின் எதிர்பார்ப்பு.

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டிரேசி வெஸ்டைன், தாட் ஸ்டார்னர், கிரெகரி அபவுட் ஆகியோர் வழக்கமான பொம்மைகளுக்குள் கம்பியில்லா உணரிகளை வைத்து, விளையாட்டு வகைகளைத் தானாக அடையாளம் காணும் அமைப்பைச் செய்தனர். 2008 முதல் 2012 வரை இதன் கட்டுரைகள் வெளிவந்தன. அவர்களின் நோக்கம் தானே தீர்ப்புச் சொல்லும் பொம்மையைச் செய்வதாக இருக்கவில்லை. வீட்டில் நடந்த விளையாட்டின் குறிப்பை நிபுணரிடம் சேர்ப்பதே முதல் நோக்கம். 2010இல் அதே கழகத்தில் ஜேம்ஸ் ரேக் தலைமையில் தொடங்கிய பெருந்திட்டம் ஒன்றில் பந்து, புத்தகம் போன்ற பொருள்களைக் கொண்டு சில நிமிடமே நீடிக்கும் விளையாட்டு, 15 முதல் 30 மாத வயதுடைய 121 குழந்தைகளோடு பதிவு செய்யப்பட்டது.

இத்தாலியின் பீசா நகரில் சான்ட்டான்னா உயர்கல்வி நிலையம் முன்னின்று நடத்திய ஐரோப்பிய ஒன்றியத்தின் கேர்டாய் திட்டம் இதற்கு நெருங்கிய உறவுடையது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காக உணரி பொம்மைகள் தொங்கும் விளையாட்டுக் கூடம் ஒன்றை அது வீட்டுக்கே அனுப்பியது. தெஹ்ரானில் ஹாதி மொராதி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் பொம்மைக் கார் ஒன்றுக்குள் முடுக்கமானி வைக்கப்பட்டது. ஆட்டிசம் உள்ள 25 குழந்தைகளும் இல்லாத 25 குழந்தைகளும் அதோடு விளையாடினர். காரின் தரவு, ஆட்டிசம் உள்ளவர்களில் 93 விழுக்காட்டினரையும் இல்லாதவர்களில் 76 விழுக்காட்டினரையும் சரியாகப் பிரித்தது.

தொடுதிரை பொம்மையான பின்

2010களில் கைக்கணினி பரவியதும் ஆய்வாளர்களின் கவனம் அங்கே திரும்பியது. அதில் உணரிகள் ஏற்கெனவே இருந்தன. தனியாகப் பொம்மை செய்ய வேண்டியதில்லை. 2016இல் அன்னா அன்சுலேவிச், ஜோனதன் டெலஃபீல்ட்-பட் ஆகியோரின் குழு, 3 முதல் 6 வயதுடைய 37 ஆட்டிசக் குழந்தைகளும் 45 பிற குழந்தைகளும் கைக்கணினியில் விளையாடியபோது விரல் அசைவையும் தொடுதலின் விசையையும் ஆராய்ந்து, 93 விழுக்காடு வரை சரியாகப் பிரிக்க முடிந்ததாக அறிவித்தது. 2023இல் டியூக் பல்கலைக்கழகக் குழு, 17 முதல் 36 மாதக் குழந்தைகள் 475 பேரிடம் ஒரு செயலியைச் சோதித்தது. பார்வை, முகபாவம், தலை அசைவு, குமிழி உடைக்கும் விளையாட்டில் விரல் படும் விதம் ஆகிய பலவற்றையும் அது ஒருங்கே அளந்தது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் கேன்வாஸ் டிஎக்ஸ் என்ற மென்பொருளுக்கும் 2022இல் எர்லிபாயிண்ட் என்ற கண்ணசைவுக் கருவிக்கும் ஆட்டிசக் கண்டறிதலில் துணைபுரிய அனுமதி அளித்தது. இவ்விரண்டும் பொம்மைகள் அல்ல. முன்னது பெற்றோர் விடைகளையும் வீட்டு நிகழ்படங்களையும் நம்புகிறது. பின்னது குழந்தை திரையில் எங்கே பார்க்கிறது என்பதை. கேன்வாஸ் டிஎக்ஸ் சோதிக்கப்பட்ட 425 குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே உறுதியான விடை தந்தது. மற்றவர்களுக்கு முடிவு சொல்ல இயலாது என்று விட்டுவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி என்ற வகையில் அது கவனிக்கத்தக்கது.

எண்களைப் படிக்கும் முறை

சிறு ஆய்வுகளில் கிடைக்கும் உயர்ந்த விழுக்காடுகளைக் கவனத்தோடு படிக்க வேண்டும். பொம்மைக் காரின் எண்களையே ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஊரில் 1,000 குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களில் 30 பேருக்கு ஆட்டிசம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கார் அந்த 30 பேரில் 28 பேரைக் கண்டுபிடிக்கும். ஆனால் மீதி 970 பேரில் 24 விழுக்காட்டினரையும், அதாவது ஏறத்தாழ 233 பேரையும், தவறாகச் சுட்டும். சுட்டப்பட்ட 261 குழந்தைகளில் ஒன்பதில் ஒருவருக்கே உண்மையில் ஆட்டிசம் இருக்கும். இரு பிரிவினரும் சம எண்ணிக்கையில் இருந்த ஆய்வில் இந்தச் சிக்கல் வெளியே தெரியாது.

மேலும், ஆய்வுகளில் ஒப்பிடப்படுபவர்கள் பெரும்பாலும் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளும் வழக்கமான வளர்ச்சி உடைய குழந்தைகளும்தான். மருத்துவரிடம் வருவோரோ பேச்சுத் தாமதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, காது கேளாமை, கவனக்குறைவு என்று பல காரணங்களால் வருகிறார்கள். அவர்களுக்குள் பிரித்தறிவதே கடினமான வேலை.

இரு பக்கமும் இழப்பு உண்டு. கண்டறிதல் தாமதமானால் பேச்சுப் பயிற்சியும் பள்ளி உதவியும் தாமதமாகின்றன. தவறாகச் சுட்டினால் ஒரு குடும்பம் தேவையற்ற அச்சத்தில் ஆழ்கிறது. உண்மையில் உதவி வேண்டிய குழந்தையின் காத்திருப்பும் நீளுகிறது.

இன்னொரு கேள்வி, எது குறை என்பதே. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் தங்களை அமைதிப்படுத்துகின்றன என்று ஆட்டிசம் உடைய பெரியவர்களே கூறுவதை 2019இல் ஸ்டீவன் காப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்தது. பாத்திரங்களைச் சுழற்றிய கானரின் முதல் குழந்தை பிற்காலத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் தன் சொந்த ஊரில் வங்கியில் பணியாற்றினார், கார் ஓட்டினார், பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். 2023இல் 89ஆம் வயதில் காலமானார். சுழற்சியை எண்ணுவது உணரியால் ஆகும். அந்தக் குழந்தைக்கு எந்த உதவி வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது.

பொம்மை சேர்க்கும் தரவு

குழந்தையின் அறையில் கேட்கும் பொருள் குறித்த அச்சம் பழையது. 1999இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, பேச்சைப் பதிவு செய்யுமோ என்று ஐயுற்று ஃபர்பி பொம்மையைத் தன் வளாகத்துக்குள் தடை செய்தது. உண்மையில் ஃபர்பிக்கு அந்தத் திறன் இல்லை. பின்வந்த பொம்மைகளுக்கு இருந்தது. 2015இல் விடெக் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து லட்சக்கணக்கான குழந்தைகளின் விவரங்கள் திருடப்பட்டன. 2017இல் ஜெர்மனி, இணையத்தோடு இணைந்த மை ஃபிரண்ட் கேலா பொம்மையை ஒளிந்து கேட்கும் கருவி என்று வகைப்படுத்தித் தடை செய்தது.

வளர்ச்சியை மதிப்பிடும் பொம்மை சேர்ப்பது இவற்றைவிட நுண்ணிய தரவு. அது பள்ளி சேர்க்கைக்கோ காப்பீட்டுக்கோ கசிந்தால், பேசத் தொடங்காத வயதில் எடுத்த அளவு ஒருவரை வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் பொதுவாகத் தடுக்கிறது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளன. சான்றிதழ் வழங்குவதற்கு 2009இல் உருவான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. அதில் 40 கூறுகள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அதை இடுவதற்குப் பயிற்சி பெற்ற நிபுணர் தேவை. நிபுணர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கிறார்கள்.

இந்த இடைவெளியை நோக்கி எழுந்ததுதான் ஸ்டார்ட் என்ற கைக்கணினித் திட்டம். பிஸ்மதேவ் சக்கரவர்த்தி முதலிய ஆய்வாளர்கள் தில்லியில் 2 முதல் 7 வயதுடைய 131 குழந்தைகளிடம் அதைச் சோதித்தனர். நிபுணரல்லாத களப்பணியாளரே வீட்டுக்குச் சென்று அதை நடத்த முடியும் என்பது அதன் சிறப்பு. ஒப்பீட்டுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடைய குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது இன்னொரு சிறப்பு.

பலகை, படச்சுருள், பட்டியல், நிகழ்படம், உணரி என்று கருவிகள் மாறிய ஒவ்வொரு முறையும் பதிவின் நுட்பம் கூடியது. அந்தப் பதிவைப் படித்து, பெற்றோருடன் பேசி, குழந்தைக்கு அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் பொறுப்பு எந்தக் கட்டத்திலும் கருவியிடம் போகவில்லை. சுட்டப்பட்ட குழந்தை மறுநாள் செல்வதற்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தால்தான் பொம்மை எடுத்த அளவுக்குப் பயன் உண்டு.